நத்தம் புளியும் இறங்குமுக ஏலமும்

டாக்டர் ஆவேன், கலெக்டர் ஆவேன் என்று சொல்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பர்சேஸ் மேனேஜர் ஆவேன் என்று சொன்ன பிள்ளை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நானும் ஆசைப்பட்டு வரவில்லை. பி.காம். முடித்துவிட்டு, திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு மசாலா கம்பெனியில், ஸ்டோருக்கு வரும் சரக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலைக்குச் சேர்ந்தேன். கொள்முதல் பிரிவில் ஆள் குறைந்தபோது என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். கன்னிவாடியில் அவரைக்காயும் கத்தரியும் பயிர் போட்டுக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு அது என்ன வேலை என்று முழுசாக விளங்கியதே இல்லை. "அடுத்தவன் காசுல சாமான் வாங்குறதுக்கு ஒனக்குச் சம்பளம் வேறயா?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கியது, பிடித்தும் போனது. மிளகாய், மல்லி, அட்டைப்பெட்டி, நூல், எண்ணெய் என்று வரிசையாக வாங்கக் கற்றுக்கொண்டேன். போனை எடுத்தால் அந்தப் பக்கம் முதல் கேள்வியே "சார் இல்லையாம்மா?" என்பதாக இருக்கும். சார் நான்தான், விலையைச் சொல்லுங்கள் என்பேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று நேராகக் கேட்டவர்களையும், கமிஷன் வாங்குகிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களையும் அந்த வாயை வைத்துத்தான் சமாளித்தேன். உதவியாளர், எக்ஸிக்யூட்டிவ், சீனியர் எக்ஸிக்யூட்டிவ் என்று படிப்படியாக ஏறினேன்.

எங்களுக்குப் புளி கொடுத்தவர் நத்தத்துக்காரர். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன், அவர் என்னை அம்மா என்பார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நத்தத்தைச் சுற்றியுள்ள தோப்புகளில், காய் மரத்தில் இருக்கும்போதே குத்தகை பேசி எடுத்துவிடுவார். மாசி, பங்குனியில் உலுக்கிக் கொண்டுவந்து தன் ஷெட்டில் கொட்டுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுப்பார்கள். கணக்கு வழக்கெல்லாம் அவர் மனைவி பார்ப்பார். எங்கள் கம்பெனிக்கு வருடம் முழுக்கத் தேவையான புளி அந்த ஷெட்டிலிருந்துதான் வந்தது. ஷெட் ஓடியதும் எங்கள் ஆர்டரை நம்பித்தான்.

அவரிடம் விலை பேசுவது தனி விஷயம். அவர் வாயில் "கட்டாது" என்ற வார்த்தை வராது. வாங்க வந்தவரின் வார்த்தையைத் தட்டக்கூடாது என்பது அவர்கள் கடையில் அப்பா காலத்து வழக்கமாம். நான் குறைத்துக் கேட்டால், "சரிம்மா, நீங்க கேட்டுட்டீங்க" என்று ஒரு ரூபாய் குறைப்பார். மறுபடி கேட்டால் மறுபடியும் குறைப்பார். பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற வெறியில் முதல் வருடம் நான் கேட்டுக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் அவர் விலையை விட்டுவிட்டு, "வீட்ல அம்மா நல்லா இருக்காகளா?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. போனை வைத்த பிறகுதான், மனிதர் தன் அடிவிலையைத் தாண்டிப் போய்விட்டார், அதைச் சொல்ல முடியாமல் பேச்சை மாற்றியிருக்கிறார் என்று உறைத்தது. திரும்பக் கூப்பிட்டு நானே இரண்டு ரூபாய் ஏற்றிச் சொன்னேன். "நீங்க ஏத்துவீங்கன்னு தெரியும்மா" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சு இரண்டே நிமிடம்தான். எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பேச்சுவார்த்தைக் கலை என்று பயிற்சி வகுப்புகளில் இப்போது மணிக்கணக்கில் நடத்துகிறார்கள். நானே நடத்தியிருக்கிறேன். இதை எந்த வகுப்பிலும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு எங்கள் கம்பெனியைப் பெரிய முதலாளிகள் வாங்கினார்கள். சென்னையிலிருந்து கொள்முதலுக்கு ஒரு தலைவர் வந்தார். இனிமேல் எல்லாம் இறங்குமுக ஏலம் என்றார். வழக்கமான ஏலத்தில் விலை ஏறும், இதில் இறங்கும். சப்ளையர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் போனில் ஒரு செயலி வழியாக விலை போட வேண்டும், யார் கடைசியில் மிகக் குறைவாகப் போடுகிறாரோ அவருக்கு அந்த வருட ஆர்டர். அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஏலம் முடியும்வரை கொள்முதல் ஆட்கள் எந்த சப்ளையரிடமும் விலை பற்றிப் பேசக்கூடாது.

இதை நான் எதிர்த்தேன் என்று எழுதினால் பொய். எனக்குச் சந்தோஷம். யாரும் இனி என்னைப் பார்த்துக் கமிஷன்காரி என்று சொல்ல முடியாதல்லவா? மிளகாயில் இரண்டு பேர் கூடிப் பேசி எங்களை மொட்டையடித்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். சப்ளையர்களைத் திண்டுக்கல்லில் ஒரு ஹோட்டல் ஹாலுக்கு வரவழைத்து, பயிற்சி கொடுத்து, பிரியாணி போட்டு அனுப்பியது முழுக்க என் ஏற்பாடு. அழைப்பும் என் பெயரில் போனது. போனில் அந்தச் செயலியைத் திறந்தால் மேலே கம்பெனி பெயரும் அதற்குக் கீழே என் பெயரும் இருக்கும்.

பாயும் அவர் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்கள். சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தில் பாய் என்னைப் பிடித்து, "இதுல நீங்க எங்கம்மா இருப்பீங்க?" என்று கேட்டார். எனக்கு அன்று தலைக்கு மேல் வேலை. நான் அந்தப் பக்கம்தான் இருப்பேன் பாய், எல்லாத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

புளிக்கான ஏலம் ஒரு மத்தியானம். எங்கள் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்துவிட்டார்கள். சுவரில் பெரிய திரை. கர்நாடகத்திலிருந்து மூன்று பேர், ஆந்திராவிலிருந்து ஒருவர், அப்புறம் பாய். விலை இறங்கத் தொடங்கியது. ஆந்திராக்காரர் சீக்கிரமே கழன்றுகொண்டார். கர்நாடகத்தில் இரண்டு பேர் நிறுத்திக்கொண்டார்கள். மீதி ஒருவரும் பாயும் மட்டும் மாற்றி மாற்றி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாய் அடிவிலையைத் தாண்டிய இடம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். போதும் பாய், விட்டுவிடுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் விடவில்லை. கர்நாடகக்காரர் ஒரு ரூபாய் குறைத்த மறுகணம் இவரும் குறைத்தார். கடைசி நிமிடத்தில் யாராவது குறைத்தால் நேரம் தானாக நீளும்படி அந்தச் செயலியைச் செய்திருந்தார்கள், அதனால் அது முடியவும் இல்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து, போன் இருந்த தட்டின் பக்கம் போனேன். ஏலத்தைக் கண்காணிக்க எதிரே உட்கார்ந்திருந்த தணிக்கைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒருவழியாகக் கர்நாடகக்காரரும் நிறுத்திக்கொண்டார். பாய் ஜெயித்துவிட்டார். தலைவர் கைதட்டினார், அறையே கைதட்டியது, என் கையும்தான் தட்டியது.

அன்று சாயங்காலமே தலைவரிடம் போய்ச் சண்டை போட்டேன். இந்த விலைக்கு ஓட்டைத் தட்டுகிற கூலிகூடத் தேறாது, கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். ஏலம் முடிந்த பிறகு ஒரு சப்ளையருக்கு மட்டும் விலையை ஏற்றினால் அதற்குப் பெயர் என்ன என்று உங்களுக்கே தெரியும் என்றார். தெரியும். இத்தனை வருடம் அந்தப் பெயர் வராமல் பார்த்துக்கொண்டவள்தானே நான்?

வெளியே வந்து பாயைக் கூப்பிட்டேன். ஏலத்துக்குக் கட்டிய முன்பணம் போனால் போகிறது, விலகிவிடுங்கள் பாய் என்றேன். ஏன் அவ்வளவு இறங்கினீர்கள் என்றும் கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன்.

"ஒத்துக்கிட்டாச்சும்மா, அனுப்பிச்சிருவேன்" என்றார். பிறகு, "அம்மா நல்லா இருக்காகளா?" என்றார்.

வருடம் முழுக்கப் புளி வந்தது. ஒரு லோடுகூடத் தாமதமில்லை. லாரி வருகிற நாட்களில் நானே ஸ்டோருக்குப் போய் மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பேன். கொஞ்சம் கொட்டையைக் கலந்து, கொஞ்சம் ஈரத்தோடு, பழைய கறுத்த புளியை அடியில் வைத்து அனுப்பியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. எப்போதும் வருகிற அதே சிவந்த புளிதான் வந்தது. சோதனைக்கூடத்துப் பெண், இந்தப் புளிக்குக் குறையே சொல்ல முடியாது மேடம் என்று மெச்சிக்கொண்டாள். அவளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

நத்தம் பக்கமிருந்து வரும் டிரைவர்கள் மூலம் விஷயம் வந்துகொண்டிருந்தது. முதலில் அவர் தன் வண்டியை விற்றார். அடுத்த பருவத்துக்குத் தோப்பு குத்தகை எடுக்கவில்லை. ஓடு தட்டின பெண்கள் ஒவ்வொருவராக மில் பஸ்ஸில் ஏறிப் போக ஆரம்பித்தார்கள். கடைசி லோடு வந்த மாதத்தில் ஷெட்டும் கைமாறியது. அந்த வருடம் மிக அதிகமாகச் செலவைக் குறைத்ததற்காக எனக்குச் சென்னையில் மேடையேற்றி ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்து, மேனேஜர் ஆக்கினார்கள். டீச்சர்மார் மாதிரிப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தேன்.

ஏலம் முடிந்து, சரக்கு முடிந்து, இனிமேல் பேசக்கூடாது என்று எந்த விதியும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நத்தத்துக்குப் போனேன். ஷெட்டை வாங்கியவர் அதில் டைல்ஸ் அடுக்கியிருந்தார். பாய் வீடு பின்தெருவில். என்னைப் பார்த்ததும் அவர் மனைவி, "வாங்கம்மா, செத்த உக்காருங்க, டீ போடுறேன்" என்று உள்ளே போகப் பார்த்தார். வேண்டாம் அக்கா, நீங்களும் இருங்கள் என்றேன். பாய் கொஞ்சம் இளைத்திருந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவருக்கு மாங்காய் ஏற்றிவிடுகிற வேலை பார்ப்பதாகச் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அன்று போனில் கேட்டதையே மறுபடி கேட்டேன். ஏன் பாய், எதற்கு அவ்வளவு தூரம் இறங்கினீர்கள்?

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவிதான் பதில் சொன்னார். "இவுகளுக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாதுன்னு நாந்தேம்மா போன வச்சுக்கிட்டு இருந்தேன். மேல ஒங்க பேரு இருக்கு. கீழ, ஒங்க வெலைய இன்னும் குறைக்க முடியுமான்னு வருது. படிச்சுக் காட்டுவேன். அம்மா கேக்குறாக, போடுன்னு இவுக சொன்னாக. போட்டேன். மறுபடியும் வந்துச்சு."

அந்த வரி யாரும் கேட்பதல்ல, அது எல்லோருக்கும் தானாக வருவது, மெஷின் கேட்பது என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

"நான் கேக்கலை பாய்" என்றேன்.

"அது அப்புறம் தெரிஞ்சுதும்மா. ஒங்க போனு வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார் பாய். "அன்னைக்கி, இம்புட்டுக் கேக்குறாகளே, ஆபீஸ்ல அவுகளுக்கு என்ன நெருக்கடியோன்னு நெனச்சுக்கிட்டேன். எங்க நிறுத்தணும்னு ஒங்களுக்குத் தெரியும். நிறுத்துவீங்கன்னு இருந்தேன்."

நான் அழுதேன். அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து அழுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, என் கல்யாணத்தில்கூட அழாதவள். அவர் மனைவி என் முதுகில் கை வைத்தார். பாய் என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ரொம்ப நாளாக அவர் மனதில் கிடந்த ஒன்றைக் கேட்டார்.

"ஒங்களுக்கு நல்ல பேரு கெடச்சுச்சாம்மா?"

கிடைத்தது பாய் என்றேன்.

"அப்பச் சரிம்மா" என்றார்.