தங்கையாரின் எம்.எஸ்ஸி. படிப்பும் தெருவார் பேசிய பெருமையும்

என் தங்கையார் நம்மை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அவரிடம் படித்த மாணவிகளுக்கும், நண்பர்களுக்கும் வணக்கம்.

பிறந்த நாளிலிருந்து நான் அவரை "வா, போ" என்று கூப்பிட்டவன். மலரில் அப்படி எழுதக் கூடாது, "தங்கையார்" என்றுதான் எழுத வேண்டும் என்று மருமகன் சொல்லிவிட்டார். சரி. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் இந்தக் கட்டுரையை நானே எழுதுகிறேன். செவிலிமேட்டில் நான் கல்யாண மண்டபம் கட்டியபோது கல்வெட்டு வாசகத்தைக்கூட நான்தான் எழுதினேன், ஊரில் எல்லோரும் பாராட்டினார்கள்.

தங்கையார் பிறந்தது எங்கள் அம்மாவின் ஊரான மாகறலில், தாய்மாமன் வீட்டில். அந்த ஊரில் எங்களுக்கு இருந்த உறவு அவ்வளவுதான். நிலமோ மனையோ கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வளர்ந்ததெல்லாம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அப்பா கூலிக்குப் பட்டு நெய்தார். பட்டு, ஜரிகை, தறி மரம் எல்லாமே முதலாளியுடையவை. நெய்து கொடுத்தால் கூலி. அம்மா இராட்டையில் நூல் சுற்றுவார். நான் ஒரு வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். சின்னக் கைதான், ஆனால் என் கை பட்ட டியூப் இரண்டாவது முறை காற்று இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

தங்கையார் படிப்பில் கெட்டிக்காரர். கணக்கு என்றால் அவருக்கு உயிர். சம்பளச் சலுகையில் உள்ளூரிலேயே பி.எஸ்ஸி. படித்து முதல் வகுப்பில் தேறினார். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் ஒரு பெண் பி.எஸ்ஸி. என்றாலே பேச்சாக இருந்த காலம். அதற்கு மேலும் படிக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"அதுக்கு மேலயும் இருக்குதாமா?"

"இருக்குதுப்பா. எம்.எஸ்ஸி. மெட்ராஸ்ல."

"செலவு?"

"உதவித்தொகை தராங்கப்பா. வருமானம் கம்மியா இருக்கிற வீட்டுப் பசங்களுக்கு. ஹாஸ்டல் சாப்பாடு, ஃபீஸ் எல்லாம் அதுலயே போயிடும்."

அப்பா சிரித்துவிட்டார். "வருமானம் கம்மியா இருக்கிறதுக்கு ஒருத்தன் காசு தரான்னா, நம்ம வூட்டுக்குத்தான்மா மொதல்ல தரணும்."

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. கல்லூரி திறப்பதற்குள் தாசில்தார் ஆபீசிலிருந்து வருமானச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை. உதவித்தொகை இல்லாவிட்டால் எம்.எஸ்ஸி. இல்லை. எங்கள் வீட்டில் விற்பதற்கென்று ஒரு குண்டுமணி தங்கம்கூடக் கிடையாது. தங்கையார் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இனி என்ன, நம்முடைய ஏழ்மை ஊர் அறிந்தது, கையெழுத்து தானாக வரும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலை, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குடையும் கையுமாக எங்கள் தெருவுக்கு வந்தார். இன்னார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுக் கனகம்மா அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எங்கள் வீட்டைக் காட்டி, "இவங்க எப்படிம்மா? வசதியெல்லாம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டைப் பற்றி முன்பின் தெரியாத ஓர் ஆள் அக்கம்பக்கத்தில் விசாரித்தால், அவர் மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய ஆள் என்று அர்த்தம். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் இப்படித்தான் சத்தமில்லாமல் விசாரிப்பார்கள். அப்போது தெருவே ஒன்றாகி அந்த வீட்டைத் தூக்கிப் பேச வேண்டும். பேசாவிட்டால் நாளைக்கு நம் வீட்டுப் பெண்ணுக்கு யார் பேசுவார்கள்?

கனகம்மா அக்கா குறை வைக்கவில்லை. "இவங்களுக்கு இன்னாங்க கொறச்சல்? தறியெல்லாம் சொந்தம். உள்ள எட்டிப் பாருங்க, பட்டும் ஜரிகையும் எப்படி அடுக்கி வெச்சிக்கினு இருக்காங்கன்னு. மாகறல்ல நெலம் இருக்குது. கெணத்துப் பாசனம்!"

அடுத்த வீட்டில் கேட்டார். அங்கே நிலத்தோடு இரண்டு கறவை மாடும் சேர்ந்துகொண்டது. கடைசியாகச் சைக்கிள் கடைக்கு, என்னிடம் வந்தார். நான் அப்போது ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பாவாக இருக்கும் என்று நினைத்து, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

"கடை யாருதுப்பா?"

"நம்பளுதுதான் சார்," என்றேன். தங்கைக்கு நல்ல இடம் வரும்போது எந்த அண்ணன்தான் வேறு மாதிரி சொல்வான்?

அவர் தாலுகா ஆபீஸ் இன்ஸ்பெக்டர். விசாரணை என்று சொல்லிவிட்டால் எல்லோரும் பஞ்சப்பாட்டு பாடுவார்கள் என்பதால், யாரென்று சொல்லாமல் கேட்பது அவருடைய வழக்கமாம். மனு தள்ளுபடி ஆகிவிட்டது. தங்கையார் ஆபீசிலிருந்து நேராகச் சைக்கிள் கடைக்கு வந்தார். முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை.

"அண்ணா, மாகறல்ல நம்பளுக்கு நெலம் இருக்குதாமே. ஏரிப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அப்பா, "போதும்மா. பி.எஸ்ஸி.யே நம்ம வம்சத்துல யாரும் பார்க்காதது" என்றார். கல்லூரி திறக்க அதிக நாள் இல்லை. தங்கையார் எதிர்வீட்டுக்குப் போனார்.

"அக்கா, நீங்க வந்து நெஜத்தைச் சொன்னா போதும்."

"நாளைக்கி நெஜமாவே மாப்பிள்ள வூட்டுக்காரன் வந்தா? இவங்க ஒண்ணுமில்லாதவங்கன்னு நானே ஊருக்குச் சொன்னதா ஆவாதா?"

"அவங்க வந்தா அப்ப வேற சொல்லிக்கலாம்க்கா. இப்ப வந்தது கவர்மெண்டு."

"ஏண்டி, கவர்மெண்டுன்னா மானம் ரோஷம் வாணாமா?"

கனகம்மா அக்கா மசியவில்லை. மறுநாள் நான்தான் தங்கையாரை சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அன்று மிதித்த மாதிரி வாழ்க்கையில் என்றுமே மிதித்ததில்லை. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நானே கண்ணால பார்த்தேனேம்மா. வீடு பூரா பட்டு."

"அது முதலாளியோடது சார். இப்ப தறியில ஓடுற பாவு நூல் முடியப் போகுது. கடைசிப் புடவையைத் தறியிலேர்ந்து அறுக்கிற அன்னிக்கு அவர் ஆள் வந்து எல்லாத்தையும் எடை போட்டு எடுத்துக்கினு போயிடுவார். அப்ப வாங்க சார். அவர் போன பிறகு வீட்டுல இன்னா மிச்சம் இருக்குதோ அது எங்களுது. அதுக்கு நீங்களே விலை போடுங்க. நான் எதிர்த்துப் பேச மாட்டேன்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். என்னையும் பார்த்தார். "நீ கடைக்காரன் ஆச்சே?"

"இன்னும் ஆவல சார். ஆயிடுவேன்," என்றேன். சொன்ன வாக்கு தவறவில்லை. சில வருடங்களிலேயே அந்தக் கடையை நான்தான் வாங்கினேன். அந்தக் கடையிலிருந்துதான் லாரி, லாரியிலிருந்துதான் மண்டபம்.

புடவை அறுக்கும் நாள் வந்தது. இன்ஸ்பெக்டரும் வந்து ஒரு ஓரமாக நின்றார். முதலாளியின் ஆள் புடவைகளை மடித்தார், மிச்சப் பட்டை எடை போட்டார், ஜரிகைக் கண்டுகளை எண்ணிப் பையில் போட்டார், போய்விட்டார். வீடு துடைத்துவிட்ட மாதிரி ஆனது. வெறும் மரமாகத் தறி நின்றது. அதையும் காட்டி, "இதுவும் அவங்களோடது சார்" என்றார் தங்கையார். இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார். மூலையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

"இது?"

"காலேஜ் லைப்ரரி சார். திருப்பிக் குடுக்கணும்."

"அப்ப உங்களுதுன்னு இன்னாதாம்மா இருக்குது?"

"மார்க் ஷீட்டு சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் கனகம்மா அக்கா. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்து, தெருவுக்குக் கேட்காதபடி ரகசியமாகச் சொன்னார்: "சார், அன்னிக்கி நான் சொன்னது மாப்பிள்ள வூட்டுக்கு. உங்களுக்கு இப்ப சொல்றேன். இவங்களுக்கு ஒண்ணும் கெடையாது. என்கிட்ட கைமாத்தா வாங்கின அரிசியே இன்னும் வரல." பிறகு வாசலுக்குப் போய் ஊருக்கே கேட்கும்படி, "ஆனா பொண்ணு தங்கம்!" என்றார்.

இரண்டொரு நாளில் சான்றிதழ் கைக்கு வந்தது. ஆபீஸ் படியில் இறங்கும்போது தங்கையார் அந்தத் தாளை என்னிடம் காட்டி, "அண்ணா, நாம ஏழைதான்னு கவர்மெண்டே ஒத்துக்கிச்சு" என்றார். இருவரும் அங்கேயே நின்று கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். அதன் பிறகு எத்தனையோ நல்லது பார்த்துவிட்டேன். மண்டபத் திறப்புக்கு மந்திரியே வந்தார். ஆனால் அன்று நெஞ்சை விட்டு இறங்கிய பாரம் மாதிரி எதுவும் இறங்கியதில்லை.

தங்கையார் எம்.எஸ்ஸி. முடித்தார். உதவித்தொகை சில மாதம் தாமதமாக வரும், அப்போதெல்லாம் ஹாஸ்டலில் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு கல்லூரி ஆசிரியையாகிப் பேராசிரியையாக ஓய்வு பெற்றார். மாணவிகள் உதவித்தொகை மனுவோடு வந்து நின்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க தெருவுல சொல்லி வெச்சியாமா, விசாரிக்க வருவாங்கன்னு?" அந்தக் கேள்வியின் காரணம் தெரியாமல் விழித்த மாணவிகள், இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மாப்பிள்ளை வீட்டாரும் பின்னால் உண்மையிலேயே விசாரித்தார்கள். கனகம்மா அக்கா மறுபடியும் பேச்சிலேயே எங்களுக்கு மாகறல் நிலத்தைக் கொடுத்துவிட்டார். என் மைத்துனர் நல்ல மனிதர். கடைசி வரை, "மச்சான், இந்த வருஷம் மாகறல்ல வெளைச்சல் எப்படி?" என்று கேட்டு என்னைக் கிண்டல் செய்வார்.

கடைசி நாட்களில் தங்கையார் பேச முடியாமல் இருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா என்னிடம், "மேடம் யாருங்க, இத்தனை பேர் பார்க்க வராங்க?" என்று கேட்டார். நான் அவர் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தேன். தங்கையார் கட்டிலிலிருந்து கையை லேசாகத் தூக்கி, போதும் என்பது போல ஆட்டினார். உதட்டில் சிரிப்பு இருந்தது. வலி அதிகம் இல்லாமல், இரண்டு நாள் கழித்து, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அது எங்களுக்கு ஓர் ஆறுதல்.

அவருக்கு இடம் கொடுத்த கல்லூரிக்கும், வந்து பார்த்து மனதை மாற்றிக்கொண்ட அந்த இன்ஸ்பெக்டருக்கும், இன்று நம்மிடையே இல்லாத கனகம்மா அக்காவுக்கும், ஆஸ்பத்திரியில் இரவு பகலாகக் கூட இருந்த மாணவிகளுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நான் என்னைப் பற்றிக் கூட்டிப் பேசுகிறவன் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் என் தங்கையாரைப் பற்றி இனி யார் வந்து எங்கள் தெருவில் விசாரித்தாலும், யாரும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இருப்பதைச் சொன்னாலே போதும்.