பின்பக்கத்தைப் படிக்கச் சொன்ன கமலவேணி டீச்சர்

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் சுவரில் இருப்பதையெல்லாம் படித்துக்கொண்டே போவது எனக்கு இப்போது பழக்கம். சிமெண்ட் விளம்பரம், காதுகுத்து அழைப்பு, கட்சிக் கூட்டம், எதையும் விடுவதில்லை. போன வாரம் குன்னத்தில் பஸ் நின்றபோது சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி இருந்தது. முன்னால் நின்ற கூட்டம் அதன் மேல் பாதியை மறைத்திருந்தது. கீழே இருந்த பெயரை எழுத்துக் கூட்டினேன். க, ம, ல, வே, ணி. யார் உதவியும் இல்லாமல் நம் டீச்சரின் பெயரைப் படித்துவிட்டேன் என்று மனம் துள்ளியது. டீச்சருக்கு ஏதோ பாராட்டு விழா வைக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன். பஸ் நகர்ந்தது. மேல் பாதி தெரிந்தது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இருந்தது. அதையும் நானேதான் படித்தேன்.

அவருக்கு உடம்பு சரியில்லை, திருச்சிக்குப் போய் வைத்தியம் பார்க்கிறார் என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. மாலை வகுப்பில் என்னோடு உட்கார்ந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வருகிறது. ஆனாலும் டீச்சரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகையை முந்திக்கொண்டு குஷி வந்துவிடுகிறது. அவர் அப்படிப்பட்டவர்.

கமலவேணி டீச்சர் படித்தது ஆசிரியர் படிப்பு அல்ல என்பது உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, படிக்காத பெரியவர்களுக்காக நம் ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் மாலை வகுப்பு தொடங்கினார். நான் போனது மாத்திரைக்காக. எனக்கு நெஞ்சுவலி வந்து, இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், சாப்பாட்டையும் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கும் என் மனைவி அஞ்சலைக்கும் எழுத்து தெரியாது. அட்டையின் நிறத்தை வைத்துத்தான் காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை என்று பிரித்து வைத்திருந்தோம். ஒரு மாதம் மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். எல்லா அட்டையும் ஒரே நிறம். இரண்டு பேரும் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு விழித்தோம்.

இதைச் சொன்னதும் டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “மத்தவங்க கையெழுத்துப் போட வராங்க. நீங்க உசுரைப் படிக்க வந்திருக்கீங்க. வாங்க, முன்னாடி உக்காருங்க” என்றார்.

அவர் அணில், ஆடு என்று தொடங்கவில்லை. உள்ளங்கையில் ஒரு தானியத்தை வைப்பார். எள், கடலை, துவரை, பயறு. அதைச் சரியாக எழுதியவர் அதைத் தின்னலாம். அவித்த கடலையோடு அவர் வந்த நாளில் நான் ‘கடலை’யைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தேன். “ஐயா, போதும். அளவுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு கைப்பிடிக்கு மேல எழுதாதீங்க” என்றார்.

மிக்சர் கதை உங்களுக்கு மறந்திருக்காது. பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கடையில் சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததை ராமாயிதான் முதலில் படித்தார். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்கு வரும் நம் ராமாயி. வகுப்பே ஓடிப்போய்ப் பார்த்தது. எல்லோருக்கும் படிக்க வந்தது. அச்சில் இருந்தால் பொய் இருக்காது என்று அப்போது நாம் எல்லோரும் நம்பினோம். அன்றிலிருந்து டீயோடு மிக்சர், சோற்றோடு மிக்சர். அஞ்சலை அதை மாத்திரைகளுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். கடைசியில் ஒரு பாக்கெட்டைப் பரிசு மாதிரி டீச்சரிடம் கொண்டுபோய் நீட்டினோம்.

அவர் முதலில் கைதட்டினார். நாமாகவே படித்ததற்கு. ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு. இப்ப திருப்புங்க” என்றார். பின்பக்கம் கடுகு மாதிரி எழுத்து. தன் கண்ணாடியைக் கழற்றி ராமாயியிடம் கொடுத்தார். ராமாயி கூட்டிக் கூட்டிப் படித்தார். பாமாயில். உப்பு.

“செடி கொடியில இருந்து வர்ற எந்த எண்ணெயிலயும் கொலஸ்ட்ரால் இருக்காதுங்க. அது ஆடு, கோழி, மீன், முட்டை, பால், நம்ம உடம்பு, இதுலதான் இருக்கும். இல்லாத ஒண்ணை இல்லைன்னு போட்டு விக்கிறாங்க. ஆனா இந்த எண்ணெயும் உப்பும் தினமும் போனா ரத்தக் குழாய்க்கு ஆவாது” என்றார் டீச்சர்.

“அப்ப எனக்கு மீசை இல்லைன்னு நான் போர்டு மாட்டிக்கிற மாதிரியா?” என்று கேட்டார் ராமாயி.

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னதை நான் இன்றும் வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறேன். “முன்னாடி எழுதியிருக்கறது பொண்ணு பார்க்க வந்த அன்னிக்குப் பேசுற பேச்சு. பின்னாடி இருக்கறதுதான் குடித்தனம். எதையும் திருப்பிப் படிங்க.”

கொலஸ்ட்ரால் செடியில் இல்லை என்றால் செடியில் என்னதான் இருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் பலகையில் ‘தாவர ஸ்டெரால்’ என்று எழுதினார். அந்த ‘ஸ்டெ’யை வாயில் கொண்டுவர எனக்குப் பல நாள் பிடித்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்பதற்குள் நாம் என்ன செய்வோம் என்று கேட்டார். ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்போம் என்றோம். “அதேதாங்க. இந்த ஸ்டெராலும் பார்க்கறதுக்குக் கொலஸ்ட்ரால் மாதிரியே இருக்கும். குடல்ல அது முந்திக்கிட்டுத் துண்டு போட்டுரும். சாப்பாட்டுல வந்த கொலஸ்ட்ராலுக்கு ஏற எடம் பத்தாது. அதுல கொஞ்சம் ஸ்டாண்டுலயே நின்னுட்டு, வெளிய போயிரும்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எள்ளிலும் கடலையிலும் முந்திரியிலும் பயறிலும் துண்டு இருக்கிறது. நம் காட்டு மக்காச்சோளத்திலும் இருக்கிறது. அதை மூட்டை மூட்டையாகக் கோழிப் பண்ணைக்கு அனுப்பிவிட்டு நாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வாழ்நாள் முழுக்கக் காட்டில் குனிந்து நிமிர்ந்தவனுக்கு, தான் விளைவித்தது என்ன என்று இந்த வயதில் தெரிவது எப்பேர்ப்பட்ட விஷயம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எதிரே வந்தவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அந்த வேகத்தில்தான் அடுத்த நாள் வகுப்பில் எழுந்து நின்று, இனி எனக்கு மாத்திரை வேண்டாம், துண்டு போட்டுவிட்டேன் என்று அறிவித்தேன். கைதட்டுவார் என்று நினைத்தேன். டீச்சரின் முகம் மாறிவிட்டது. வகுப்பு முடிந்ததும் தன் ஊர்ப் பக்கம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு என்னோடு நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அஞ்சலையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“துண்டு போட்டவன் கண்டக்டரை இறக்கி விடுவானா? சாப்பாட்டுல இருக்கிற ஸ்டெரால் கொஞ்சம்தான். அதனாலதான் தினமும் சாப்பிடச் சொல்றேன். உங்க உடம்பே கொலஸ்ட்ராலை உண்டாக்குது, அதைத் தடுக்கற கண்டக்டர் மாத்திரைதான். மாத்திரையை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களோட ரத்தத்தை நான் என் கையால கண்ணாடிக் குழாய்ல எடுத்திருக்கேன். உங்களுது அந்தக் குழாய்ல வேணாம் ஐயா.”

அஞ்சலை எழுந்துபோய் மாத்திரை அட்டையை எடுத்து வந்து என் கையில் வைத்து, “பேரைப் படிச்சுட்டு முழுங்கு” என்றாள். படித்துவிட்டு விழுங்கினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் முறை.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு நன்றாக இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். டீச்சரிடம் ஓடினேன். இறக்கியது துண்டா கண்டக்டரா என்று கேட்டேன். “தெரியாதுங்க. பெருசா இறக்கினது கண்டக்டராத்தான் இருக்கும். ரெண்டு பேரும் வண்டியிலயே இருக்கட்டும்” என்று சிரித்தார்.

அவருக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது ராமாயியும் நானும் பார்க்கப் போனோம். வறுத்த எள்ளும் வெல்லமும் இடித்து ராமாயி கொண்டுவந்திருந்தார். டீச்சரே பேசினார். “நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க, அம்புட்டுச் சொன்னவளே போயிட்டாளேன்னு. அவ சொன்னது ரத்தக் குழாய்க்கு மட்டும்தான், மத்ததுக்கு அவ பொறுப்பில்லைன்னு சொல்லிருங்க.” எள்ளுருண்டையை வாயில் போட்டுக்கொண்டு கண்ணடித்தார்.

அவர் சொன்னபடியே நடந்தது. துக்க வீட்டுப் பந்தலில் ஒருவர் அதையே கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. டீச்சர் கொடுத்த பதிலை அப்படியே ஒப்பித்தேன். அழுதுகொண்டிருந்த ராமாயி சேலைத் தலைப்புக்குள் சிரித்துவிட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், தினமும் ஒரு கைப்பிடி அவித்த கடலை. பேரைப் படித்துவிட்டு விழுங்கும் மாத்திரை. எதைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் பார்க்கும் பழக்கம்.

நேற்று குன்னத்தில் இறங்கி அந்தச் சுவரொட்டியின் முன் நின்றேன். படம், பெயர், பிறப்பு, இறப்பு. எல்லாம் பெரிய எழுத்து. ஒரு மூலை காற்றில் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்குமா? திருப்பிப் பார்த்தேன். காய்ந்த பசையைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். அங்கே இருந்திருக்க வேண்டியதை இங்கே எழுதியிருக்கிறேன்.