பதினோராவது குவளை

இன்று காலை மந்தைவெளி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். சட்டை தோளோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தூறல். கைப்பேசியை எடுத்துப் பார்த்தால், 'உங்கள் பகுதியில் மழை நின்றுவிட்டது' என்கிறது. அந்த வரியின் மேலேயே இரண்டு சொட்டு விழுந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி தன் போனிலும் அதையே படித்திருக்க வேண்டும், குடையை மடக்கினார், மேலே ஒரு தரம் பார்த்தார், மறுபடி விரித்துக்கொண்டார். மணி எட்டு இருபது. எனக்குக் கால் பரபரத்தது. எட்டரைக்குள் எங்காவது ஒரு மொட்டை மாடியில் நான் இருந்தாக வேண்டும் என்று இந்த உடம்பு இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது.

மழையை அளப்பவர்களுக்கு நாள் காலை எட்டரைக்குத்தான் முடியும். நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை விழுந்தது இன்றைய மழை. எட்டு முப்பத்தைந்துக்கு வானம் கிழிந்து கொட்டினால் அது நாளைய மழை. இதை என் வீட்டில் விளக்கப் போனபோது, "அப்ப நாளைக்குத் துணி காயப்போடக் கூடாதா?" என்று கேட்டார்கள். நான் அத்தோடு விளக்குவதை விட்டேன்.

நானும் மழை அளந்துகொண்டிருந்த நாட்களில் ராஜா அண்ணாமலைபுரத்தில் வாடகைக்கு இருந்தேன். ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நீங்கள் சிரிக்க உதவும்.) இணையத்தில் மழை பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதன் அடியில் கருத்து எழுதும் இடத்தில் தினமும் எட்டரைக்கு மேல் ஊரெங்குமிருந்து அளவுகள் வந்து விழும். அடையாறு இவ்வளவு, மயிலாப்பூர் இவ்வளவு, மேற்கு மாம்பலம் இவ்வளவு. எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு மற்றவர் முகம் தெரியாது. ஒருவருக்கும் இதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. இருந்தும் காய்ச்சலில் படுத்தவன்கூட எழுந்து மாடியேறினான். இன்று நினைத்தாலும் எனக்கு அவர்கள்மேல் ஒரு பெரிய மரியாதை வருகிறது.

குடைத்துணியின் ஈர வாசனை என்னை எப்போதும் பஷீர் பாயின் கடைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். மயிலாப்பூரில் படத்துக்குச் சட்டம் போடும் கடை. மழைக்காலத்தில் அங்கே மரத்தூள், வஜ்ஜிரப் பசை, நனைந்த குடைகள் எல்லாம் சேர்ந்து ஒரு மணம். வெப்பமானி வைக்கும் வெள்ளைப் பெட்டியைப் பழைய ஜன்னல் பலகைகளில் எங்களுக்கெல்லாம் செய்துகொடுத்தவர் அவர்தான். காற்று உள்ளே போக வேண்டும், வெயில் போகக் கூடாது. அவருடைய பெட்டி கடை மாடியில் இருந்தது. அதைத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், மூச்சுச் சூடு பட்டுப் பாதரசம் ஏறிவிடுமாம். கீழே கல்யாணப் போட்டோவோடு வாடிக்கையாளர் நின்று கூப்பிட்டாலும் பதில் வராது. இறங்கி வந்துதான், "இன்னா நைனா, அவசரமா? நூறு வருசம் தொங்கப் போற படம்" என்பார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு பெருமழையிலாவது ஊரிலேயே அதிக அளவு மயிலாப்பூரில் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு பேட்டை முந்திக்கொள்ளும்.

பெரும்பாலும் முந்தியது மேற்கு மாம்பலம். அங்கே அளந்தவர் கோமதி, என்னைவிட இரண்டு வயது இளையவர். பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். கல்லூரி நாட்களில் தொடங்கிப் பதினொரு வருடம் ஒரு நாள் விடாமல் அளந்திருந்தார். கல்யாணத்தன்று காலையும் பட்டுப்புடவையோடு மாடியேறிப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனாராம். "மழையே இல்லாத அன்னிக்கு எதுக்குங்க எழுதணும்?" என்று ஒருமுறை கேட்டேன். "பாத்துட்டு இல்லன்னு எழுதறேன். நீங்க பாக்காமலே இல்லன்றீங்க" என்றார். அந்த நீண்ட நோட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாகப் பூஜ்யம். அவ்வளவு அழகான பூஜ்யங்களை நான் பார்த்ததில்லை.

ஒரு கார்த்திகை மாதம் நான்கு நாளாக மழை. கோமதியின் கணவருக்கு அடையாறில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, கோமதி கூடவே இருந்தார். காலை ஆறரைக்கு எனக்குப் போன். "ரோடெல்லாம் தண்ணி, என்னால எட்டரைக்குள்ள வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. நீங்க போய் அளந்துடறீங்களா? மாடிப்படி வெளிய இருக்கு. குவளை தொட்டிக்குப் பின்னாடி இருக்கு." அவர் குரலில் இருந்த தயக்கம் எனக்குப் புரிந்தது. பெற்ற பிள்ளையை ஒரு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லுகிற மாதிரி கேட்டார். நான் வாயெல்லாம் பல்லாக ஒத்துக்கொண்டேன். என் மாடியை யார் அளப்பது என்றே யோசிக்கவில்லை. என்னுடைய நோட்டில் அப்படி ஓட்டைகள் நிறைய.

தி. நகர் வரை பஸ் போயிற்று. அதற்கப்பால் நடை. சுரங்கப்பாதை நிரம்பிக் கிடந்ததால் ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியும் பயனில்லை. எட்டு இருபதுக்கு மாடியில் இருந்தேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

மழைமானி என்பது பெரிய விஷயமில்லை. மேலே புனல், அடியில் தண்ணீர் சேரும் கலம். சேர்ந்ததைக் கோடு போட்ட குவளையில் ஊற்றி, படித்து, கொட்டி, மறுபடி ஊற்ற வேண்டும். சாதாரண மழைக்கு ஒரு குவளை. அன்று கலத்தைத் தூக்கவே கனத்தது. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். ஏழு. எட்டு. அப்போது அடைத்துக்கொண்ட மாடிக் குழாயைக் குத்திவிட ஒருவர் மூங்கில் கழியோடு ஏறி வந்தார். கீழ்வீட்டில் குடியிருப்பவர்.

"இன்னா சார், மாடில வந்து தண்ணி மொண்டுக்கினு கீறே?"

"மழை எவ்ளோன்னு அளக்கறேங்க."

"அளந்து இன்னா பண்ணப் போறே? கீழ வந்து பாரு, ஊட்டுக்குள்ளயே முட்டி வரைக்கும் கீது."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. என்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டே ஊற்றினேன், கொட்டினேன். அவர் குழாயைக் குத்திவிட்டு இறங்கிப் போனார். கலம் தீர்ந்தது. கடைசியில் மிஞ்சியதைக் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து தசமப் புள்ளி வரை துல்லியமாகப் படித்தேன். முழுக் குவளைகள் பத்தா பதினொன்றா என்பதுதான் தெரியவில்லை.

கொட்டிய தண்ணீர் அப்போதுதான் சுத்தமாகிய குழாய் வழியே சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. எட்டரைக்குப் போன் வந்தது. "எவ்ளோ?" என்றார் கோமதி. "பதினொண்ணு, மேல கொஞ்சம்" என்றேன். ஏன் பத்து என்று சொல்லவில்லை? மழைப்பைத்தியத்துக்கு எப்போதும் கூடுதல்தான் பிடிக்கும். அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

அன்று ஊரில் மேற்கு மாம்பலம்தான் முதல். ஆளாளுக்கு வாழ்த்து எழுதினார்கள். பஷீர் பாயின் மயிலாப்பூர் இரண்டாவது. என் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நின்றது அவர் அளவு. அதாவது உண்மையில் பத்து என்றால், பாய் ஆசைப்பட்ட முதலிடம் அவருடையது. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நான்காம் நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கணவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தெறக்கறேன் சார், எவ்ளோ பெஞ்சிருக்கு தெரியுமாங்கறா" என்று சிரித்தார். கோமதி பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினார். பதினொரு வருடத்தின் மிகப் பெரிய எண், நான் சொன்ன எண், அழகான கையெழுத்தில். நான் அவரை வராண்டாவுக்குக் கூப்பிட்டு, எண்ணிக்கை தவறியதைச் சொல்லிவிட்டேன்.

கோமதி நோட்டை மறுபடி திறந்தார். பிறகு கேட்டார்: "பத்தா இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"பதினொண்ணா?"

"இருக்கலாம். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணப் போட்டுடலாமே" என்றேன். பிழை திருத்தி வயிறு வளர்த்தவன் கொடுத்த யோசனை.

"ரெண்டுல ஒண்ணு சரியா இருக்கும். நடுவுல போட்டா நிச்சயமாத் தப்பு" என்றார்.

அந்த எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார், அடித்தது என்ன என்று படிக்க முடிகிற மாதிரி. பக்கத்தில் 'அளவு தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண் கலங்கியிருந்தது. என்னைத் திட்டவில்லை. அன்று மாலை இணையப் பக்கத்தில், 'மேற்கு மாம்பலத்தின் அளவை எடுத்துக்கொள்ள வேண்டாம், என் பக்கம் தவறு' என்று எழுதினார். என் பேர் அதில் இல்லை.

நான் ஓடிப் போய் பாயிடம், நீங்கள்தான் முதல் என்றேன். அவர் சட்டத்தை இழைத்துக்கொண்டே தலையாட்டி மறுத்தார். "அது எப்டி நைனா? அங்க எவ்ளோன்னு தெரியலன்னு தானே கீது? தெரியாத ஆளோட ஓடி நான் எப்டி ஃபர்ஸ்ட்டு?" கடைசி வரை அவர் அந்த முதலிடத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர் கைக்கு எட்டியிருந்தது, வேண்டாம் என்றார். அப்படி ஒருவரை நான் அப்புறம் சந்திக்கவில்லை.

இப்போது பாய் இல்லை. கடை இருந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். அந்த இணையப் பக்கத்தை நடத்தியவர்கள் மூடிவிட்டார்கள், கருத்துகளும் அதோடு போயின. கோமதியின் வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடுக்குமாடி எழும்பி, சாரல் புனலில் சரியாக விழாமல் போயிற்று. 'இனி இந்த இடம் அளக்கத் தகுதியில்லை' என்று எழுதி நோட்டை அவரே மூடினார்.

போன வாரம் பழைய மழையையெல்லாம் தெருத் தெருவாகக் காட்டும் ஒரு வரைபடம் கண்ணில் பட்டது. அந்தக் கார்த்திகைக் காலையைத் தேடினேன். மேற்கு மாம்பலத்தின் மேல் விரலை வைத்ததும் தயங்காமல் ஒரு எண் வந்தது. அக்கம்பக்கத்து அளவுகளிலிருந்து கணக்குப் போட்டதாம். குவளைக்கு மாற்றிப் பார்த்தேன். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்.

கோமதிக்குப் போன் செய்து சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அன்னிக்கு மாடிக்குப் போய் அளந்தது நீங்க ஒருத்தர்தானே?" என்றார்.

ஆமாம். நான் ஒருவன்தான்.