பிடித்தும் நிற்காத கால்

1974 ஆகஸ்ட் 12, திங்கள். ஐந்தரைக்குக் குளித்து, தூத்துக்குடி துறைமுகத்து வேலைக்குப் போகும் வழியில், பிறந்து மூன்று நாளான பேத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை தூக்கத்தில் வாயைச் சப்பி, ஒரு காலை உதறிக்கொண்டிருந்தது.

“கனவுல நரி வெரட்டுது” என்று சிரித்தாள் என் மனைவி.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே குழந்தைகளைத் தொடும் ஒல்லியான நர்ஸ், அந்தக் காலை மெல்லப் பிடித்தார்.

“நல்ல நரிதான், போங்க! வெறும் நடுக்கம்னா பிடிச்சதும் நின்னுரும், அண்ணாச்சி. இது கைக்குள்ளயும் துடிக்குது. வலிப்பு. விட்டா மூளையக் கெடுத்துரும்” என்றவர் டாக்டரிடம் ஓடினார்.

ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்ததாம். குளுக்கோஸ் ஏறியதும் துடிப்பு நின்றது. நன்றி சொல்லத் தேடினால், அவர் டியூட்டி முடிந்து போயிருந்தார். அன்று என் டைரியில் அவர் பெயருக்கு விட்ட இடம் இன்றும் காலிதான்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு பேத்தியின் காலைப் பிடித்தேன். துடிப்பில்லை. குழந்தை என் கையை ஓங்கி உதைத்தது.