ஐந்து கிராம், தங்க நிறம்

தூண்டில் நூலைச் சுற்ற என்னிடமிருந்த பழைய றீலை யாரும் குறை சொல்ல முடியாது. கடற்கரையில் நின்று, கோழிமுட்டை அளவு ஈயத்தைக் கட்டி, கண்காணாத தூரத்துக்கு எறிவதற்கென்றே செய்த சாமான் அது. அதில் ஐந்து கிராம் பொய்மீனைக் கட்டினால் அது என்ன செய்யும், பாவம்.

பொய்மீன் என்பது தகரத்திலோ பிளாஸ்ரிக்கிலோ செய்து, கண் வரைந்து, வாலில் மூன்று முனைக் கொளுக்கியைத் தொங்கவிட்ட சின்ன மீன். புழுவும் இறாலும் கோர்த்து விரல் நாறத் தேவையில்லை. எறிந்து எறிந்து இழுத்தால் போதும். தொண்டைமானாற்றில் கொடுவா மீன் இப்போது அதற்குத்தான் கொத்துகிறது என்று பத்தர் சொன்னார். பத்தர் மானிப்பாயில் நகைப்பட்டறை வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் என்னோடு மீன் பிடிக்க வருவார். மற்ற நாட்களில் மீன் பிடிப்பதைப் பற்றிக் கதைப்பார்.

அந்த முதற் சனிக்கிழமை உடம்பை முறுக்கி, மூச்சைப் பிடித்து எறிந்தேன். பொய்மீன் என் செருப்புக்கு முன்னால் விழுந்தது. நீர்க்காகம் ஒன்று கிட்ட நீந்தி வந்து பார்த்துவிட்டுப் போனது. மறுபடி எறிந்தேன், காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் சேட்டில் கொளுவியது. பத்தர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"உம்மடை றீல் உழவு மிசின். உதாலை பூப் பறிக்கேலாது" என்றார்.

பென்சனுக்குக் கிட்ட வந்துவிட்ட கந்தோர்க்காரனுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. நல்ல றீல் ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

எந்த றீல் என்பதில்தான் சண்டை. பத்தருக்குத் தடியின் மேலே உட்காருகிற வகைதான் றீல். எறியும்போது உருளையைப் பெருவிரலால் அமத்திப் பிடிக்க வேண்டும். பார்க்கிறவனுக்குப் பெரிய ஆள் மாதிரித் தெரியும். தன்னுடையதைத் தந்து எறியச் சொன்னார். எறிந்தேன். பொய்மீனுக்கு நூலை இழுத்துக்கொண்டு போகப் பாரம் போதாது. உருளை மட்டும் தன்பாட்டில் சுழன்றது. நூல் முழுவதும் குருவிக்கூடு. அந்தச் சிக்கை எடுக்கப் பட்டறையின் குறடும் பூதக்கண்ணாடியும் தேவைப்பட்டன. சிக்கெடுத்த நேரம் முழுவதும் அவர் என் பெருவிரலையே பழி சொன்னார்.

என்னுடைய கட்சி வேறு. தடியின் கீழே தொங்குகிற சின்ன றீல். உருளை ஆழமில்லாமல் இருக்க வேண்டும். நூல் தலைமயிர் மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும், அதை விளிம்பு வரைக்கும் நிறைத்துச் சுற்ற வேண்டும். அப்போதுதான் லேசான இரையும் உரசலில்லாமல் நூலை வெளியே எடுத்துக்கொண்டு ஓடும். உள்ளே எத்தனை பெயரிங் குண்டு என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதெல்லாம் சும்மா புழுகு. பகல் முழுக்க எறிந்தாலும் மணிக்கட்டு நோகக்கூடாது, அதுதான் கணக்கு.

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில் அப்படி ஒன்று இருந்தது. கறுப்பு நிறம், கைபிடியைச் சுற்றினால் சத்தமே இல்லை. கந்தோர் விட்டதும் அந்தப் பக்கம் போய், சுற்றிப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டு வருவேன். கடைசியில் கடைக்காரர் எனக்கென்று ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.

பத்தர் இதற்கிடையில் பொய்மீன்களைப் பிடித்துக்கொண்டார். பெட்டியில் போட்டிருக்கிற நிறையை அவர் நம்பமாட்டார். ஒவ்வொன்றையும் தங்கம் நிறுக்கிற தராசில் வைத்து, "நாலு தசம் எட்டு. கள்ளப் பயல்" என்பார். நான் பின்னேரங்களில் பட்டறைக்குப் போவதும், வீட்டுக்கு வந்தபின் விறாந்தையில் இருந்து அவரோடு ரெலிபோனில் கதைப்பதுமாக ஒரு மாதம் ஓடியது.

"அஞ்சு கிராம் காணும். எட்டெண்டால் பாரமாப் போடும். தங்கக் கலர்தான் வடிவு. கொளுக்கியை மட்டும் மாத்துவம்" என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். குசினியில் மனைவி தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது. தேங்காய் முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.

மற்ற நாளே வீட்டின் காற்று மாறிவிட்டது. என் மீன்பிடியைத் தண்ணீருக்குள் கல்லெறிகிற வேலை என்று சொல்லி வந்தவள், கேட்காமலே இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். சனிக்கிழமை புட்டுக் கட்டித் தந்தாள். வெயிலுக்குத் தொப்பி எடுத்துத் தந்தாள். இன்னும் முடிவெடுக்கவில்லையோ என்று ஒருநாள் தானாகவே விசாரித்தாள். பாரம் குறைந்ததாகப் பார்க்கிறேன் என்றேன்.

"ஓம், பாரமெண்டால் இழுத்துத் தொங்கும்" என்றாள்.

எனக்குப் புல்லரித்தது. முப்பது வருடம் என்னோடு இருந்ததில் இவளுக்கும் றீலைப் பற்றி ஒரு விளக்கம் வந்துவிட்டது என்று பத்தரிடம் பெருமையடித்தேன். பத்தர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பளம் வந்த அன்று றீலை எடுக்கப் போகிற வழியில் பட்டறையில் நின்றேன்.

"உம்மடை மனிசி நேற்று வந்தவ" என்றார் பத்தர். "என்ன டிசைன் எண்டு கேட்டவ."

"என்னத்தின்ரை டிசைன்?"

"அஞ்சு கிராம். தங்கம். உங்கடை கலியாண நாள் வருகுதாமே. நான் என்னெண்டு சொல்லுறது, அது கொடுவாவுக்கெண்டோ? இன்னும் வேலை முடியேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

நான் வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். கலியாணத்துக்குப் போட்ட தோட்டை அவள் இடம்பெயர்ந்த காலத்தில் தானே கழற்றித் தந்தாள். அதை விற்றுத்தான் அரிசியும் கூடாரத்துக்குத் தறப்பாளும் வாங்கினோம். அதற்குப் பிறகு அவள் காதில் கிடந்ததெல்லாம் பாசி போட்ட சாதாரணத் தோடுதான். எங்கடை மனிசி ஒரு நாளும் நகை கேட்டதில்லை என்று நான் சொந்தக்காரர் கூடுகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லி வந்தவன். இத்தனை நாளாக அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் என்னுடைய றீலுக்கானதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவளிடம் போய், அது தோடில்லை, தகரமீன் என்று எந்த வாயால் சொல்வது?

அஞ்சு கிராமில் வடிவான சோடி செய்யலாம் என்றார் பத்தர். டிசைன் புத்தகத்தை அவர் தேடவேண்டியிருக்கவில்லை, மடியிலேயே இருந்தது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. றீலுக்கென்று வைத்திருந்ததோடு சீட்டுக் காசும் சேர்ந்து போனது. கடைக்காரரின் கதிரை இருக்கிற தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

கலியாண நாள் காலையில் தோட்டைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது, அதில் கொஞ்சம் றீலுக்கானது.

அந்தச் சனிக்கிழமை பழைய றீலைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். அவள் புட்டுப் பார்சலோடு படலை வரைக்கும் வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் ரெலிபோனில் கதைத்ததைக் கேட்டுத்தான் நகை என்று நினைத்தாளோ என்று கேட்டேன்.

"ஆர் நினைச்சது?" என்றாள். "வாலிலை மூண்டு முனைக் கொளுக்கி தொங்குற தோட்டை ஆர் போடுறது?"

"பிறகேன் பத்தரிட்டைப் போய் டிசைன் கேட்டனீர்?"

அவள் வலது காதுத் தோட்டின் சுரையை மெல்லத் திருகிச் சரிபார்த்தாள்.

"பாரமா எறிஞ்சால் சளார் எண்டு விழும், மீன் ஓடிப்போடும். லேசா எறிஞ்சால்தான் கொத்தும். ஒரு மாசமா நீங்கள்தானே உந்த விறாந்தையிலை இருந்து கதைச்சனீங்கள்."

புட்டுப் பார்சலை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். எங்கடை மனிசி ஒரு நாளும் நகை கேட்டதில்லை என்று நான் இன்றைக்கும் சொல்லலாம். இந்த முறையும் அவள் கேட்கவில்லைதான்.