கரி வராத கைக்குட்டை

இந்த ஊரில் துணி காயப்போடுமுன் கொடிக்கயிற்றைத் துடைக்க வேண்டும். துடைத்த துணியைத் துவைத்துக் காயப்போட, மறுபடி கயிற்றைத் துடைக்க வேண்டும். தென்காசியில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்காரர்களின் வெள்ளைச் சட்டைகளைத் துவைத்துத் தேய்ப்பது என் பிழைப்பு. வெள்ளைக்காரனுடைய யுத்தம் வந்தபிறகு எங்கள் தகரக் கொட்டகைக்கு மேற்கே நிலக்கரிக் குவியல் கூரையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. அதைக் கூடை கூடையாகக் கப்பலில் ஏற்றுகிறவர்களில் ஒருவன் என் தம்பி சுடலை. அவனை இங்கே அழைத்து வந்த பாவி நான்தான்.

வேலை முடிந்து வந்ததும் ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுக்கொள்வான். கரித்தூசியை அது வெளியே தள்ளிவிடும் என்பது ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவந்த வைத்தியம். இருமினால் கைக்குட்டையில் கறுப்பாக விழும். "பாத்தியாண்ணே, எல்லாம் வெளிய வந்துட்டு" என்பான். நானும் நம்பித்தான் துவைத்தேன்.

ஆனியில் கச்சான் அடிக்கத் தொடங்கியது. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு இங்கே அந்தப் பெயர். நம் ஊரில் அதே காற்று சாரலைக் கொண்டுவரும். அருவிக்கரையில் ஈரத் தலையோடு நாங்கள் இருவரும் நடுங்கி நின்றிருக்கிறோம். இங்கே அது அடுப்பு வாயைத் திறந்ததுபோல் வருகிறது. விமானம் வந்தால் சங்கு ஊதுகிறார்கள், பதுங்கு குழிக்கு ஓடுகிறோம். இந்தக் காற்றுக்கு யாரும் ஊதுவதில்லை. கயிற்றில் போட்ட சட்டை நான் திரும்புமுன் விறைத்துவிடும். அந்த வாரம் தம்பி எவ்வளவு இருமியும் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முன்பு அவனுக்கு மருந்து கொடுத்த, பக்கத்து நிலாவெளி ஊர்க்காரருக்கு நன்றி சொல்ல, அவனையும் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து கொடுக்கும் அவரை இங்கே அப்போதிக்கரி ஐயா என்பார்கள்.

"நல்லாயிட்டான்யா. கரி வர்றது நின்னுட்டு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தம்பியின் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"வாறதுதான் நிண்டிருக்கு. உள்ளுக்க போறது நிக்கேல்லையே. இந்த வெக்கையில சளி காஞ்சு இறுகிப்போச்சு. கறுப்பு வெளியில வர ஏலாம உள்ளுக்க கிடக்குது. கரி வேலைய விடச் சொல்லுங்கோ. கரி கிடக்கிற மேற்குப் பக்க யன்னலைத் திறக்க வேண்டாம். ஊருக்கு அனுப்பினா நல்லம்."

"ஓம்" என்றேன். ஆமாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சில் அந்த ஒரு சொல்லைத்தான் நன்றாகப் பழகியிருக்கிறேன். ஊருக்குப் போக அனுமதி கேட்டு எழுதினோம். இன்னும் பதில் இல்லை. அவனைக் கரி வேலைக்குப் போகவிடாமல் நிறுத்திவிட்டேன். ஜன்னல் விஷயத்தில்தான் அவனோடு மல்லுக்கட்ட முடியவில்லை. சாத்திக் கட்டிவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் அதைத் திறந்து, வாயைப் பிளந்துகொண்டு காற்றுக்கு நேரே உட்கார்ந்திருப்பான்.

"சாத்தாதண்ணே. நம்ம ஊருப் பக்கம் இருந்துதான வருது."

அவன் சொல்வது பொய்யில்லை. நேற்று ஈரத் துணியால் அவன் முகத்தைத் துடைத்தேன், துணி கறுத்தது. பிறகு குனிந்து இருமினான், விலா எலும்பு தெரிய இருமினான். கைக்குட்டையை வாங்கி விரித்துப் பார்த்தேன். வெள்ளை. ஜன்னல் கதவில் கையை வைத்தபடி, சாத்த மனம் வராமல் நின்றேன்.