பதினாலாம் இடத்தில் வெர்லீன்

வெர்லீன் சைக்ஸ் இருபத்தேழு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கணவர் கார்லிஸ் இறால் படகில் வேலை பார்த்தார். ஒருநாள் படகிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே மாரடைத்து இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அதற்கப்புறம் நாலு வருடம் பஸ் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற மறு வாரமே எங்கள் கேம்ப்புக்கு மேனேஜராக வந்துவிட்டார். சவானா நகரத்துக்குத் தெற்கே, ஒகீச்சி ஆற்றுச் சதுப்பை ஒட்டி, வண்டிவீட்டில் ஊர் சுற்றுகிறவர்கள் நிறுத்தித் தங்குகிற இடம் அது. நான் அங்கே குளியலறைகளையும் துணி துவைக்கும் அறையையும் பார்த்துக்கொள்கிறேன். சனி ஞாயிறில் அலுவலகத்தில் உட்காருவேன்.

மார்ச்சில் ஐரிஷ்காரர்களின் திருவிழாவுக்குச் சவானா முழுக்கப் பச்சைச் சட்டை போட்டு ஆடுகிறபோது எங்களிடம் ஒரு இடம் கிடைக்காது. ஜனவரியில் எண்பது இடத்துக்கு ஒன்பது வண்டிதான் இருக்கும். வடக்கே குளிர் தாங்காமல் ஃப்ளோரிடாவுக்கு இறங்குகிறவர்கள் ஒரு ராத்திரிக்கென்று நிறுத்துவார்கள். அவர்களை வெர்லீன் விடமாட்டார். வந்து இறங்கியதும் கையில் ஒரு பொட்டலம் வேகவைத்த கடலை. சனிக்கிழமை வந்தால் தகரத்தட்டில் சுட்ட சிப்பி. ஒரு ராத்திரிக்கு வந்தவர்கள் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவார்கள். கனடாவில் பிரெஞ்சு பேசுகிற கியூபெக்கிலிருந்து வந்த ரெஜான் என்கிற குழாய் வேலைக்காரர் மனைவியோடு ஐந்தாவது வருடமாக அந்த ஒரு ராத்திரியைக் கழித்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லப்போகிற அந்த ஜனவரியில், ஒரு மத்தியானம், முப்பத்தாறு அடி நீள வண்டி ஒன்று அலுவலகத்து வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஓஹையோக்காரர், மார்ஜீன் போல்மன். அறுபத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, மூக்குக்கண்ணாடி. நேராக நுழைந்து நேராக வெளியேறுகிற இடம்தான் வேண்டும் என்றார். அந்த வரிசையைக் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டிருந்தோம். பின்னால் எடுத்து நிறுத்துகிற இடங்கள்தான் இருந்தன.

"பின்னாடி எடுக்கணுமா? நான் எடுத்ததே இல்லைங்க. அதெல்லாம் என் வீட்டுக்காரர் டென்னி பாத்துக்குவார்."

"டென்னி எங்கே?" என்று வெர்லீன் கேட்டார்.

"அக்டோபர்ல தவறிட்டார்."

வெர்லீன் வண்டியின் ஜன்னல் வழியாகக் கடலைப் பொட்டலத்தை நீட்டினார். "அப்போ அவரைக் கூப்பிட முடியாது. இறங்குங்க தங்கம். முதல்ல இதைச் சாப்பிடுங்க."

மார்ஜீன் கடலையை மேல்தோடு உரிக்காமல் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு என்னைக் கைகாட்டிச் சொன்னார், "நீங்களே நிறுத்திக் குடுத்துடுங்களேன். பஸ் ஓட்டினவங்கன்னு இந்தம்மா சொன்னாங்க."

"நிறுத்திடலாம். நாளைக்கு ஃப்ளோரிடா போய் ஜாக்சன்வில்ல யார் நிறுத்துவா? நானும் கூடவே வரட்டுமா?"

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெர்லீன் பின்னால் நின்று கையை ஆட்டிக் கத்தினார். "இடது! நீங்க திரும்பிப் பாக்கற இடது இல்ல, வண்டியோட இடது! நில்லுங்க, நில்லுங்க, ஐயோ!" பதினாலாம் இடத்துத் தண்ணீர்க் குழாயை வண்டி சாய்த்துவிட்டது. தண்ணீர் ஓக் மரத்துக் கிளையில் தொங்குகிற பாசி வரைக்கும் பீய்ச்சி அடித்தது. ரெஜான் வீட்டுச் செருப்போடு ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மார்ஜீன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார்.

வெர்லீன் நனைந்தபடியே ஜன்னல் பக்கம் போய் நின்றார். "அழாதீங்க. அந்தக் குழாய் போன வருஷமே போகவேண்டியது. நீங்க வர்றதுக்காக உசுரைப் பிடிச்சிட்டு இருந்திருக்கு. இன்னொரு தடவை எடுங்க."

ஐந்து மணிக்கு வண்டி இடத்தில் நின்றது. கொஞ்சம் கோணல்தான். ஆனால் மார்ஜீன் இறங்கிவந்து அதை மூன்று முறை சுற்றிப் பார்த்தார். மறுநாள் காலை ஜாக்சன்வில் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

பத்து நாள் கழித்து, எங்கள் பக்கம் யாரும் எதிர்பாராத பனி விழுந்தது. பாலங்களை மூடினார்கள், பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கடையில் ரொட்டி தீர்ந்துபோயிற்று. வடக்கத்திக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "இதுக்குப் பேரா பனி?" என்றார் ரெஜான். வெர்லீனுக்குச் சிரிக்க நேரமில்லை. குழாய்களுக்குப் பழைய துண்டுகளைச் சுற்றினார். காலை எட்டு மணிக்கு, யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு வாளி மணலோடு குளியலறைப் படிக்குப் போனார். மணலைத் தூவுவதற்கு முன்னால் அவரே விழுந்தார்.

நான் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தேன். வாளி உருளும் சத்தம் கேட்டு வந்து பார்த்தால், ஒரு கால் திரும்பிக் கிடக்கிறது, முகம் வெளுத்துப்போயிருக்கிறது. தூக்கக் கூடாது என்று ஆம்புலன்ஸ்காரர்கள் போனில் சொன்னார்கள். பாலம் மூடியிருந்ததால் சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். மார்ஜீன் தன் வண்டியில் இருந்த போர்வை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து போர்த்தினார். அப்படியும் வெர்லீனுக்குப் பல் தந்தியடித்தது. மார்ஜீன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த ஈரத்தில் அவரை ஒட்டிப் படுத்துக் கட்டிக்கொண்டார்.

"எழுந்திருங்க, உங்களுக்கும் ஜன்னி வந்துடும்" என்றார் வெர்லீன்.

"ஓஹையோக்காரிக்கு இது வெயில் காலம். பேசாம இருங்க."

ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் நடக்கப் பழக்கினார்கள். பிறகுதான் சிக்கல் வந்தது. எங்கள் பக்கம் வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைத் தூண்மேல் கட்டுவோம். வெர்லீன் வீட்டுக்குப் பதினாறு படி. ஆறு வாரத்துக்குப் படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிப் பெண் ஒரு முதியோர் இல்லத்தின் காகிதத்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். வெர்லீன் அதை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவர் பயந்து நான் பார்த்தேன்.

மார்ஜீன் அந்தக் காகிதத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "என் வண்டில ரெண்டு படுக்கை இருக்கு. வாசல் தரையிலேருந்து ரெண்டரை அடிதான். ஏறிப் போக ரெஜான் பலகையில சரிவு அடிச்சு முடிச்சுட்டார்."

"நான் அந்த கேம்ப்போட மேனேஜர். விருந்தாளி வண்டில படுத்துக் கிடந்தா ஊர் என்ன சொல்லும்?"

"ஊர்ல மொத்தம் ஒன்பது வண்டி. எட்டு வண்டிக்காரங்க கிட்ட கேட்டாச்சு. எல்லாருக்கும் சம்மதம். மிச்சம் என் வண்டிதான்."

இப்படித்தான் வெர்லீன் பதினாலாம் இடத்துக்கு வந்து சேர்ந்தார். முதல் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சம். எங்கள் கேம்ப்பில் தங்கியிருந்த ஊர் ஊராய்ப் போய் வேலை பார்க்கும் நர்ஸ் பெண் ஒருத்தி தினமும் காயத்தைப் பார்த்துக் கட்டு மாற்றினாள். குளிக்கவைக்க மட்டும் வெர்லீன் ஒருவரையும் விடவில்லை. மூன்றாம் நாள் மார்ஜீன் வெந்நீரும் துண்டுமாக வந்து நின்றார். நான் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"சட்டையைக் கழட்டுங்க. நாற்றம் எனக்குத் தாங்கல."

முதுகில் துண்டு பட்டதும் வெர்லீன் அழ ஆரம்பித்துவிட்டார். "இருபத்தேழு வருஷம் ஊரான் பிள்ளைங்க வாந்தியைத் துடைச்சேன் மார்ஜீன். என் முதுகை ஒருத்தர் தேய்ச்சுப் பதிமூணு வருஷம் ஆச்சு. கார்லிஸ் போனதிலேருந்து."

"டென்னி போனதுக்கப்புறம் நான் இன்னொருத்தருக்குன்னு சமைச்சது முந்தாநாள்தான்" என்றார் மார்ஜீன். "குனி. கழுத்தைக் காட்டு."

அதிலிருந்து இருவருக்கும் இடையில் மரியாதை எல்லாம் போய்விட்டது. மார்ஜீன் செய்த உருளைக்கிழங்கை வாயில் வைத்ததும் வெர்லீன் கேட்பார், "இதுல உப்பு எங்கே?" "ஓஹையோவுல விட்டுட்டு வந்தேன், போய் எடுத்துக்கோ" என்பார் மார்ஜீன். டென்னியைப் பற்றிப் பேசும்போது மட்டும் வெர்லீன் குறுக்கே பேசமாட்டார்.

அந்த வாரமே கேம்ப்பைப் பற்றிக் குறை சொல்லவும் தொடங்கினார். "குளியலறை விளக்கு நேரா கண்ணுல அடிக்குதே! ஒன்பது வருஷமா ஒருத்தர்கூட இதைச் சொல்லலையே!"

"சொன்னாங்க மிஸ் வெர்லீன்" என்றேன் நான். "திரையை இழுத்து விட்டுக்குங்கன்னு நீங்கதான் சொல்லி அனுப்பினீங்க."

"அப்படியா சொன்னேன்? என்ன திமிரு எனக்கு!" மேசையில் வைத்த முட்டை உருண்டு போவதைப் பார்த்து, பதினாலாம் இடம் சரிவாக இருக்கிறதென்றும் கண்டுபிடித்தார். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்.

கேம்ப்பை மற்றவர்கள் நடத்தினார்கள். ரெஜான் குழாய்களையும் அலுவலகத்துப் போனையும் எடுத்துக்கொண்டார். அவர் மனைவி புல்வெளி. மார்ஜீன் வருகிறவர்களுக்கு இடம் காட்டினார். பின்னால் எடுக்கத் தயங்குகிறவர்களை அவர் கத்துகிற கத்தல் பதினாலாம் இடம் வரை கேட்கும்.

முதலாளி ஹைன்லி ஐயா பிப்ரவரிக் கடைசியில் ஒரு காலை சொல்லாமல் வந்து நின்றார். வெர்லீன் விழுந்த செய்தி மட்டும் அவருக்குப் போயிருந்தது. காரில் அவருடைய தங்கை மகன் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. ரெஜானுக்கு அவரை யாரென்று தெரியாது.

"மேனேஜர் எங்கே?" என்றார் ஹைன்லி.

"இங்க எல்லாருமே மேனேஜர்தான். உங்களுக்கு ஒரு ராத்திரிக்கு இடமா, ஒரு வாரத்துக்கா? ஒரு வாரம் இருங்க, நல்லாருக்கும்."

நான்தான் அவரைப் பதினாலாம் இடத்துக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் பார்த்துக்கொண்டே வந்தார். வெட்டிய புல், ஒழுகாத குழாய், துடைத்த குப்பைத்தொட்டி. வெர்லீன் அவரைக் கண்டதும் வாக்கரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"உட்காருங்க மிஸ் வெர்லீன்."

"ஐயா, இன்னும் ஒரு மாசத்துல நடந்துடுவேன். அதுக்குள்ள வேற ஆள் போடணும்னா போட்டுக்குங்க. நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்."

ஹைன்லி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வேற ஆளா? சம்பளம் இல்லாம ஏழு பேர் எனக்கு வேலை பார்த்துட்டிருக்காங்க. உங்களை அனுப்பினா அவங்களும் கிளம்பிடுவாங்க. நான் என்ன முட்டாளா?" நோட்டை நீட்டினார் வெர்லீன். அவர் நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். "இந்த விளக்கை நாளைக்கே மாத்திடறேன்" என்றார். தங்கை மகன் காரைவிட்டு இறங்காமலே திரும்பிப் போனான்.

மார்ச் பிறந்ததும் அசேலியா பூத்தது. கூட்டம் வரத் தொடங்கியது. மாதக் கடைசியில் வெர்லீன் கைத்தடியோடு நடந்தார். படி ஏறவும் டாக்டர் அனுமதித்துவிட்டார். மார்ஜீன் கிளம்புகிற காலை, கேம்ப்பில் இருந்த எல்லோரும் வாசலில் கூடிவிட்டோம். வெர்லீன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மார்ஜீன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லாதே. சொன்னா எனக்குக் கண்ணு தெரியாது. அப்புறம் இந்த கேட்டையும் இடிச்சுடுவேன். அடுத்த ஜனவரில சொல்லு."

வண்டி போய்விட்டது. அன்றெல்லாம் வெர்லீன் ஒரு மாதிரியாக இருந்தார்.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். முப்பது பேர் கொள்கிற சின்னக் கோயில். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்பார். வழக்கமாக எழுந்திருப்பவர்கள்தான் எழுந்திருப்பார்கள். அன்றைக்குக் கைத்தடி தரையில் தட்டிற்று. வெர்லீன் எழுந்து நின்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாப்பது வருஷமா இங்க உட்கார்ந்திருக்கேன். வாயைத் திறந்ததில்ல. எப்பவும் குடுக்கற இடத்துலயே இருந்துட்டேன். அதுல எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்துச்சு. அது பனியில வழுக்கி விழுந்துடுச்சு." முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஆண்டவர் தூதர்களை அனுப்புவார்னு படிச்சிருக்கோம். எனக்கு அனுப்பினது ஒரு கியூபெக்காரரையும் ஓஹையோக்காரி ஒருத்தியையும். அவர் பேசறது பாதி புரியாது. அவ சமையல்ல உப்பே கிடையாது. குறை சொல்ல வரல. அவ என்னோட பனியில படுத்தா. என்னைக் குளிப்பாட்டினா. அவ பேர் மார்ஜீன் போல்மன். அவர் பேர் ரெஜான். அவங்க பேரை நீங்க எல்லாரும் ஒருதடவை கேக்கணும்னுதான் எழுந்திருச்சேன். நன்றி ஆண்டவரே. அவ்வளவுதான்."

"ஆமென்" என்றார் போதகர். பின்னால் இருந்தவர்களும் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். வெயில் இன்னும் சாயவில்லை. கார்க் கதவைத் திறந்துவைத்து நான் காத்திருந்தேன். அவர் ஏறவில்லை.

"அதிகமாப் பேசிட்டேனா?"

"இல்லையே. நல்லாத்தான் பேசினீங்க."

"அப்போ அந்த நர்ஸ் பொண்ணு பேரையும் சொல்லியிருக்கலாமே. விட்டுப்போச்சு பாரு." கைத்தடியைத் திருப்பி ஊன்றினார். "இரு, போதகர் இன்னும் கதவைப் பூட்டல" என்று சொல்லிக்கொண்டே மறுபடி உள்ளே போனார்.